மூன்று செட்டு, இரண்டு கை

அத்தியாயம் பதினான்கு

"டிபன் எடுத்துட்டுப் போறாளான்னு கேளு."

பேரவை மெம்பர் இதைச் சொன்னது சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து. யாரைக் கேட்கச் சொன்னாரோ அந்தத் தங்கை உட்கார்ந்திருந்தது அதே மேசையின் அந்தப் பக்கத்தில். நடுவில் ஒரு தண்ணீர் ஜாடியும், ரொட்டித் தட்டும், மெம்பரின் மனைவியும்.

"குட்டிம்மா, டிபன் எடுத்துட்டுப் போறியாம்மா?"

"வேணாம் அண்ணி. கேன்டீன்ல பாத்துக்கறேன்னு சொல்லிடுங்க."

"கேன்டீன்ல பாத்துக்கறாளாம்."

"எனக்குக் காது கேக்குது" என்றார் மெம்பர்.

"கேக்குதில்ல? அப்ப நேராப் பேசறதுக்கென்ன? நடுவுல நான் என்ன தபால்காரியா?"

அண்ணனும் தங்கையும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். பேசாமலிருப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

முன்பென்றால் இதற்கு வீடே சிரித்திருக்கும். சிரிக்க வைக்கிறவன் இப்போது இல்லை.

அவன் மெம்பர் மனைவியின் தம்பி. அக்காவைக் 'கண்ணாடிக்காரி' என்று கூப்பிடுவான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். "ஊர்க் கண்ணையெல்லாம் சரிபண்றே. நான் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கறது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியாதே!" என்பான். அந்தப் பெயரை அவனைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. இனி சொல்ல ஆளில்லை என்பதால், இந்தக் கதையிலாவது அவள் கண்ணாடிக்காரியாகவே இருக்கட்டும்.

தாய் தகப்பன் போன பிறகு அவள் கையில் வளர்ந்தவன், தீயணைப்பு வீரன். கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருக்கும் நாத்தனாரை அவனுக்குப் பேசி முடித்தவளும் அவளே. அதற்கு முன்பே வீட்டில் பேசாததையெல்லாம் அவர்கள் வயர்லெஸ்ஸில் பேசிப் பேசி மனசு பார்த்துக்கொண்டுவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கிடங்குத் தீ. பின்பக்கச் சுவர் சாய்ந்தபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். கூட்டாளி குட்டையனை உயிரோடு எடுத்தார்கள். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தம்பியை எடுக்கும்போது உயிர் இல்லை.

சுவர் விரிவதை வெளியே நின்ற ஒரு போலீஸ்காரர் பார்த்திருக்கிறார். தன் வயர்லெஸ் செட்டில் கத்தியும் இருக்கிறார். ஆனால் போலீஸ் செட்டில் பேசுவது தீயணைப்புக்குக் கேட்காது. தீயணைப்பு பேசுவது ஆம்புலன்ஸுக்குக் கேட்காது. மாநிலம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு காலத்தில் வாங்கிய கருவி. நடுவில் ஆபரேட்டர் நின்று ஒன்றின் பேச்சை மற்றதில் சேர்க்க வேண்டும். அன்று நின்றவள் நாத்தனார்.

"அந்த நேரம் ஆம்புலன்ஸுக்குப் பதில் சொல்லப் போலீஸ் செட்டிலிருந்து கையை எடுத்தேன்" என்று விசாரணையில் அவளே சொன்னாள். 'ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு' என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஊர் முன்னால் தலையைக் கொண்டுபோய் நீட்டிவிட்டாளே என்று அவருக்குக் கோபம். பொய் சொல்லச் சொன்னாரே என்று இவளுக்குக் கோபம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணாடிக்காரி.

நாத்தனார் வேலைக்குக் கிளம்பிப் போனதும், மெம்பர் ஷூ நாடாவைக் கட்டியபடியே குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானம் நிதிக் குழுவில ஓட்டு. ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. என் கைதான் மிச்சம்."

மூன்று துறைக்கும் சேர்த்து மாநிலம் முழுக்க ஒரே வயர்லெஸ் அமைப்பு. அதற்கான பணம், ஒவ்வொரு டெலிபோன் பில்லிலும் மாதா மாதம் ஒரு சிறு தொகை. இதுதான் மசோதா. புது வரி எதற்கும் கை தூக்க மாட்டேன் என்று மேடைக்கு மேடை முழங்கி ஜெயித்தவர் மெம்பர். எதிர்ப்பவர்கள் வழி சுலபமானது: கருவியில் குறையில்லை, தப்பு ஆபரேட்டருடையது, அவளை வேலையை விட்டு எடுத்தால் தீர்ந்தது.

"கை தூக்கினா, தங்கச்சியைக் காப்பாத்த ஊர் தலையில வரி வெச்சான்பாங்க. தூக்கலேன்னா, அவதான் கொன்னான்னு நானே சொன்ன மாதிரி. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை."

"அதை அவகிட்டயே சொல்லுங்களேன்."

"நீ சொல்லு" என்றார் பழக்க தோஷத்தில். பிறகு மற்ற ஷூவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். "இன்னொண்ணு. அன்னைக்குப் பதிவான டேப்பைக் குழுவில போடணும்னு தலைவர் கேக்கறார். அவன் குரல் இருக்கு அதுல. நெருங்கின சொந்தம்னு நீ ஒருத்திதான். நீ சரின்னாதான் போடுவாங்க."

கண்ணாடிக்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஆணியில் தம்பியின் ஹெல்மெட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவன் சாவைக் கேக்க வெச்சு நாலு பேர் கையைத் தூக்க வைக்கணும். அப்படித்தானே?"

மெம்பர் மற்ற ஷூவை எடுத்து மாட்டினார். இல்லை என்று சொல்லாத அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே வலித்தது.

"அதுல என்ன இருக்குன்னு கேட்டது குட்டிம்மா மட்டும்தான். அவளைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வேண்டாமென்றவளுக்கும் சேர்த்து டிபன் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கட்டுப்பாட்டு அறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. யாருடைய அக்கா என்று சொன்னதும் வாசல் காவலர் எழுந்து நின்று கதவைத் திறந்தார்.

இவ்வளவு சின்ன அறையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சுவரில் ஒரு பெரிய வரைபடம். ஒரு மேசை. மேசைமேல் மூன்று செட்டு; எது எவருடையது என்று தெரியத் தீயணைப்புக்குச் சிவப்பு, போலீஸுக்கு நீலம், ஆம்புலன்ஸுக்கு வெள்ளை என்று டேப் ஒட்டியிருந்தது. நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் நாத்தனார். மற்றதில் ஆளில்லாத இடத்துக்கு ஒரு மின்விசிறியை உட்கார வைத்திருந்தார்கள்.

"அண்ணி? என்ன திடீர்னு? அண்ணனுக்கு ஏதாவது…"

"ஒண்ணுமில்ல. டிபன். நீ கேன்டீன்ல என்ன கிழிப்பேன்னு எனக்குத் தெரியாதா? ஒரு காப்பியைக் குடிச்சுட்டு ஏப்பம் விடுவே."

நாத்தனார் சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் நீல டேப் ஒட்டிய செட்டு கரகரத்தது.

ஆற்றுப் பாலத்தில் ரசாயனம் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்திருக்கிறது. ஓட்டுநர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். போலீஸ் கேட்பது தீயணைப்பை. தீயணைப்பு கேட்பது என்ன ரசாயனம் என்று. ஆம்புலன்ஸ் கேட்பது எந்தப் பக்கமாக வரலாம் என்று. எல்லோரும் ஒரே பாலத்தில். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது.

நாத்தனார் நீலத்தை இடது கையிலும் சிவப்பை வலது கையிலும் எடுத்தாள். நீலத்தின் ஸ்பீக்கரை சிவப்பின் மைக்கோடு ஒட்டவைத்துப் பட்டனை அழுத்தினாள். போலீஸ்காரரின் குரல் ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றுக்குள் போயிற்று. ஆபரேட்டர்கள் இதை 'முத்தம் வைக்கறது' என்று சொல்வார்கள் என்று தம்பி ஒருமுறை கேலி பண்ணியிருந்தான். 'உன் நாத்தனார் நாள் முழுக்க முத்தம் வெச்சுக்கிட்டிருக்கா, எனக்குத்தான் ஒண்ணும் இல்லை' என்று.

வெள்ளை செட்டு கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது.

"அண்ணி, அதை எடுங்க!"

"நானா?"

"எடுங்க! என் வாய்கிட்டப் பிடிங்க. பக்கத்துல இருக்கற பட்டனை அமுக்குங்க. நான் தலையாட்டினா விடுங்க."

கண்ணாடிக்காரி எடுத்தாள். லென்ஸைப் பிடித்துப் பழகிய விரல்கள் பட்டனைத் தேடிப் பிடித்தன. நாத்தனார் பேசும்போது அழுத்தினாள், தலையாட்டும்போது விட்டாள். "காத்து கிழக்கே அடிக்குது, மேற்குப் பக்கமா வாங்க" என்று ஆம்புலன்ஸுக்குச் செய்தி போனது. அதே சமயம் நீலமும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தன. எதுவும் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

தீயணைப்புக்காரர் ஒருவர் உள்ளே இறங்குகிறார் என்று தெரிந்தது. லாரி சரிகிறது, ஜாக்கிரதை என்று போலீஸ் சொன்னது அவருக்குப் போனது. சிவப்பு செட்டில், 'டக்டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டுநரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் மேற்கிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. நாத்தனார் இரண்டு செட்டையும் மேசையில் வைத்துக் கையை உதறிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி மட்டும் வெள்ளை செட்டை வைக்கவில்லை. அன்றைக்கு இந்தக் கை இங்கே இல்லை. அவ்வளவுதான் நடந்தது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நாத்தனாரைக் குறை சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில், 'நீ ஏன் கையை எடுத்தே?' என்று ஒரு கேள்வி எலும்புத் துண்டு மாதிரி கிடந்தது. இப்போது அது இல்லை.

"நடுவுல டக்டக்னு ஒரு சத்தம் வந்துச்சே, செட்டு கெட்டுப்போச்சா?" என்றாள், வேறென்ன பேசுவதென்று தெரியாமல்.

"இல்ல அண்ணி. அது பதில். முகமூடி போட்டிருந்தா பேச முடியாது; பட்டனை ரெண்டு தடவை அமுக்குவாங்க. 'கேட்டுச்சு'ன்னு அர்த்தம். விதிப்படி வாயாலதான் சொல்லணும். இது பசங்க பழக்கம்."

சொல்லி முடித்தவள் முகம் மாறிவிட்டது. டிபன் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"குட்டிம்மா. என்ன?"

"அன்னைக்கும் வந்துச்சு."

கண்ணாடிக்காரி வெள்ளை செட்டை மேசையில் வைத்தாள்.

"கையை எடுத்த நேரத்துலதான் போலீஸ்காரர் கத்தினார். மேசைமேல கிடந்த நீலத்துல கேட்டுச்சு. வெள்ளையைப் போட்டுட்டு, சிவப்பை எடுத்து, 'வெளிய வா, சுவர் சாயுது, வெளிய வா'ன்னு நானே சொன்னேன். லேட்டுதான். ஆனா சொன்னேன். பதில் வந்துச்சு அண்ணி. டக்… டக். எல்லாரும் சேத்து அடிப்பாங்க. அவன் மட்டும் நடுவுல ஒரு மூச்சு விடுவான். எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்காரி நாற்காலியிலிருந்த மின்விசிறியை இறக்கிவைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

"அவனுக்குக் கேட்டுதா?"

"கேட்டுச்சு."

"இதை ஏம்மா விசாரணையில சொல்லலை?"

"'பதில் சொன்னானா?'ன்னுதான் கேட்டாங்க. 'சொல்லலை'ன்னேன். டேப்புல அது வெறும் கரகரப்பு மாதிரித்தான் இருக்கும், யாரும் கண்டுக்கலை. நான் சொல்லியிருந்தா என் மேல பழி பாதி குறைஞ்சிருக்கும். ஆனா, 'செய்திதான் போய்ச் சேந்துருச்சே, இருக்கற செட்டே போதும்'னு மசோதாவைக் கட்டி மூலையில போட்டுருவாங்க. அடுத்தது இன்னொருத்தி வீட்டுப் பிள்ளை போவான்." அவள் டிபன் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "வேலை போனாப் போகட்டும். ஓட்டு முடியற வரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. நீங்க சொல்ல மாட்டீங்க, இல்ல?"

கண்ணாடிக்காரி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பேரவைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளை செட்டின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருப்பதுபோலிருந்தது.

சொல்லாமலிருந்தால் மசோதா பிழைக்கலாம். நாத்தனார் விரும்புவதும் அதுதான். தம்பிக்குச் செய்வதாகவும் இருக்கும். ஆனால் ஒரு செய்தி வந்து மேசைமேல் கிடக்கிறது. போய்ச் சேர வேண்டியவர் உள்ளே இருக்கிறார். கொடுக்க வேண்டியவள் கையை எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நல்லதுக்கென்று எடுத்தாலும் கை கைதானே?

அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள்.

குழு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மெம்பர் உலாத்திக்கொண்டிருந்தார். சுவரோரமாக அவரைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். டக்கையும் டக்கையும், நடுவில் அவன் விடும் மூச்சையும்கூட.

மெம்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"அவ பொய் சொல்ல மாட்டேன்னதுக்குத்தானே நான் பேசாம இருந்தேன்" என்றார். "அவ பாட்டுக்கு இந்தப் பழியையும் சேத்துத் தூக்கிக்கிட்டு, எதிர்ல உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்திருக்கா."

"சொல்லாதீங்கன்னுதான் சொன்னா. நான் சொல்லிட்டேன். இனி உங்க பாடு."

"டேப்?"

"போடுங்க. போட்டா முழுசாப் போடுங்க. பாதியைப் போட்டு அழ வைக்கறதுக்கு என் தம்பி குரல் கிடையாது."

பார்வையாளர் வரிசையில் கடைசி நாற்காலி அவளுக்கு. கீழே நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக்.

டேப் ஓடியது. முதலில் இரைச்சல். பிறகு, "ரெண்டாவது மாடி. நானும் குட்டையனும். உள்ள போறோம்" என்று தம்பி. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல அத்தனை சாதாரணமாக. கண்ணாடிக்காரி கைப்பையை மடியோடு அழுத்திக்கொண்டாள். அப்புறம் ஒன்றுமில்லாத ஓர் இடம். அப்புறம் நாத்தனாரின் குரல், "வெளிய வா, சுவர் சாயுது, வெளிய வா." கரகரப்பு.

"நிறுத்துங்க" என்றார் மெம்பர். "அந்தக் கரகரப்பை இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். டக்… டக். என்னவென்று அவர் விளக்கினார். அறை சலசலத்தது. மசோதாவை எதிர்க்கும் உறுப்பினர் பாதி எழுந்துவிட்டார்.

"அப்ப செய்தி போய்ச் சேந்திருக்கு! நாங்களும் அதைத்தானே சொல்றோம், இருக்கற ஏற்பாடே போதும்னு!"

"போய்ச் சேந்துதுங்க. யார் இல்லைன்னது?" என்றார் மெம்பர். குரல் உயரவில்லை. "சுவர் விரிஞ்சப்போ ஒருத்தர் பாத்தார். பாத்தவர் சத்தமாச் சொன்னார். அவர் சொன்னது அந்த நொடியே என் மச்சான் காதுல விழுந்திருந்தா, அவன் இன்னைக்கு மேல அந்தக் கடைசி வரிசையில அவங்க அக்காவுக்குப் பக்கத்துல உக்காந்து உங்களைக் கேலி பண்ணிக்கிட்டிருப்பான். போய்ச் சேந்ததா, இல்லையாங்கறது இல்லைங்க பேச்சு. எப்பப் போய்ச் சேந்துதுங்கறதுதான். என் தங்கச்சி முன்னாடி மூணு செட்டு இருந்துச்சு. அவளுக்குக் கை ரெண்டு. உங்களுக்கு?"

பாதி எழுந்திருந்த உறுப்பினர் உட்கார்ந்துகொண்டார்.

"புது வரிக்குக் கை தூக்க மாட்டேன்னு ஊருக்குச் சொன்னவன் நான். இன்னைக்கு அந்த வாக்கை மீறப் போறேன். ஒளிச்சு மீறலை. கேக்கறவங்க என் வாசலுக்கு வந்து கேக்கட்டும்."

கை தூக்கித்தான் ஓட்டு. தலைவர் பென்சிலை நீட்டி எண்ணினார். மெம்பரின் கை எல்லோருக்கும் கடைசியாக எழுந்தது. எழுந்தபின் இறங்கவே இல்லை. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் மசோதா குழுவைத் தாண்டியது. இனி முழுப் பேரவை. அதற்கப்புறம் கோபுரங்கள், கருவிகள், வருடங்கள். அதுவரை அந்தச் சின்ன அறையில் மூன்று செட்டுதான், இரண்டு கைதான்.

தாழ்வாரத்துக்கு வந்த மெம்பர் செல்போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, தானே நம்பரை அழுத்தினார். கண்ணாடிக்காரி காதை ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் பேசறேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜெயிச்சாச்சு. உன் மேல எவனாவது கை வைக்கட்டும், பாத்துக்கறேன். சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். என்ன… சாப்பிட்டியா?"

மறுமுனையில் இரண்டு செட்டு ஒன்றோடொன்று பேசும் சத்தம். போன் அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருக்கும். பிறகு, ஒரு விரல் நகம் போனைத் தட்டியது.

டக்டக்.

மெம்பர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் தோளில் கை வைக்கப் போன கண்ணாடிக்காரிக்கு, அத்தனை நேரம் ஓரமாக நின்ற கேள்வி அப்போதுதான் முன்னால் வந்தது. கேட்டுச்சு என்று அவனும்தான் சொன்னான். கேட்டவன் ஏன் வெளியே வரவில்லை?

கைப்பைக்குள் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. தினமும் கடை முடிந்து போய்க் குட்டையனைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறவள் என்று நர்ஸிடம் நம்பர் கொடுத்து வைத்திருந்தாள்.

"அம்மா, உங்க ஆளு கண்ணைத் திறந்துட்டாரு! பேச்சு வரலை. சிலேட்டு கொடுத்தோம், ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக் காட்டறாரு. எங்களுக்குப் புரியலை. கண்ணாடி கேக்கறார்னு நெனச்சு ஒண்ணு கொண்டுவந்து கொடுத்தோம், தள்ளி விட்டுட்டாரு." சிலேட்டைத் திருப்பிப் பார்க்கும் சத்தம். "கண்ணாடிக்காரின்னு யாராவது இருக்காங்களா, உங்களுக்குத் தெரிஞ்சு?"

குட்டையனோடு அவள் ஒருநாளும் பேசியதில்லை. அந்தப் பெயரை உலகத்தில் ஒருவன்தான் சொல்லுவான்; அவன் உள்ளே குட்டையனிடம் ஏதோ சொல்லிவிட்டிருக்கிறான்.

"நான்தான்" என்றாள்.